அடிபட்ட நாய்க்குட்டியைத் தேற்றுவது எப்படி: முதல் மணி நேரம் முதல் கட்டு அவிழ்ந்த பின் வரை

நிறுத்தி வைத்த காருக்கு அடியில் நிழலுக்காகப் படுத்திருக்கும் குட்டியின் மேல் சக்கரம் ஏறுவதும், தாயின் பின்னால் சாலையைக் கடக்கும் குட்டியை இருசக்கர வாகனம் தட்டிவிட்டுப் போவதும் நம் ஊர்களில் அன்றாடம் நடக்கின்றன. வீட்டில் வளரும் குட்டிகளும் மாடிப்படியிலிருந்தோ பிள்ளைகளின் கையிலிருந்தோ விழுந்து காலை முறித்துக்கொள்வது உண்டு. அப்படி அடிபட்ட, 2 முதல் 4 மாத வயதுக்கு உட்பட்ட ஒரு குட்டியை வீட்டில் வைத்துத் தேற்றப் போகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கால் எலும்பு முறிவும் அதனோடு வரும் தோல் காயங்களும்தான் அதிகம் காணப்படுபவை என்பதால் அவற்றையே மையமாக வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குட்டியின் காலக் கணக்கு வளர்ந்த நாயின் காலக் கணக்கு அன்று. ஒரு வயதைத் தாண்டிய நாய்க்கு எலும்பு கூட 7 முதல் 12 வாரம் ஆகும் என்றால், 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் போதும். இதைக் கேட்டு மகிழ்கிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: விரைவாகக் கூடும் எலும்பு, கோணலாக நின்றிருந்தால் கோணலாகவும் விரைவாகவே கூடிவிடும், இன்று சரியாக இருக்கும் கட்டு, வளர்கிற காலில் அடுத்த வாரமே இறுகிவிடும், வளர்ந்த நாய் தாங்கும் ஒரு நாள் பட்டினியைக் குட்டி தாங்காது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு இந்தப் பராமரிப்பில் இடமே இல்லை.

முதல் ஒரு மணி நேரம்

முதலில் உங்கள் கையைக் காத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சாதுவான குட்டியும் வலியில் கடிக்கும். கனமான துண்டு ஒன்றை முதுகுப்பக்கமாகப் போர்த்தி, தலையையும் சேர்த்துத் தளர்வாகச் சுற்றித் தூக்குவது இருவருக்கும் நல்லது. அடிபட்ட காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பின்னங்கால்கள் இரண்டும் அசையாமல் தொய்ந்து கிடந்தால் முதுகெலும்பில் அடி இருக்கலாம் என்று கருதி, ஒரு பலகையையோ கெட்டியான அட்டையையோ மெதுவாக அடியில் செலுத்தி, உடம்பு வளையாதபடி அப்படியே எடுத்துச் செல்ல வேண்டும். வாயைக் கட்டுவதாக இருந்தால் வாந்தி, மூச்சுத் திணறல், மூக்கில் இரத்தம் ஆகிய எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே கட்டலாம்.

இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து 5 நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மீண்டும் கசியும். காப்பிப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். வெளியே நீட்டி நிற்கும் எலும்பை உள்ளே தள்ளுவதோ, கோணிய காலை இழுத்து நேராக்குவதோ கூடவே கூடாது.

ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்து, விரலால் அழுத்தி எடுத்ததும் 2 விநாடிக்குள் நிறம் திரும்பினால் இரத்த ஓட்டம் பரவாயில்லை என்று பொருள். வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது அல்லது மூச்சு போதவில்லை. அந்தக் குட்டிக்குக் காலைப் பற்றிய கவலை இரண்டாவதுதான்.

குட்டியின் உடம்பு விரைவில் குளிர்ந்துவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் வையுங்கள். தோலில் நேராகப் பட்டால் சுட்டுவிடும், நகர முடியாத குட்டியால் விலகிக்கொள்ளவும் முடியாது. சித்திரை வெயிலில் இதற்கு அவசியம் இருக்காது, அப்போது காற்றோட்டமே வேண்டும். தளர்ந்து, தள்ளாடி, துவண்டு கிடக்கும் குட்டிக்குச் சர்க்கரை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். குளுக்கோஸ் தூளைச் சொட்டு நீரில் குழைத்தோ, தேனையோ, விரலில் தொட்டு உதட்டின் உட்புறம் தடவிவிடுங்கள். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள்தான் போகும்.

குட்டி உங்களைக் கடித்திருந்தாலோ, நகத்தால் கீறியிருந்தாலோ, உங்கள் கையில் ஏற்கெனவே இருந்த புண்ணில் அதன் உமிழ்நீர் பட்டிருந்தாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்கள் என்பது தவணை. காயத்தின் தன்மையைப் பார்த்து வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் ஊசியான இம்யூனோகுளோபுலினும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். "குட்டிதானே, அதற்கு வெறி எங்கிருந்து வரும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெறிநோய் கொண்ட நாய் கடித்திருந்தால் குட்டிக்கும் வரும். தெருவிலிருந்து எடுத்த குட்டியின் உடம்பில் உள்ள காயங்களில் எது வண்டியால் வந்தது, எது பல்லால் வந்தது என்று யாரால் அறுதியிட முடியும்?

மருத்துவரிடம்

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முதலுதவி கிடைக்கும். எக்ஸ்ரேயும் அறுவையும் வேண்டுமென்றால் மாவட்டத் தலைநகரில் உள்ள கால்நடைப் பன்முக மருத்துவமனைக்கோ, கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ செல்ல நேரலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கல்லூரிகளில் தனியார் மருத்துவமனையைவிடச் செலவு பெரிதும் குறைவு. காத்திருக்கும் நேரம் அதிகம் என்பதால் காலையிலேயே போய்ச் சேருவது நல்லது.

காலுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போதே நெஞ்சுக்கும் ஒன்று எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வண்டியில் அடிபட்ட குட்டிகளுக்கு நுரையீரல் நசுங்குவது, நெஞ்சுக்குள் காற்றுச் சேர்வது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிவது ஆகியவை வெளியே ஒரு கீறலும் இல்லாமல் நடக்கக்கூடும். இவற்றைச் சீர் செய்யாமல் கால் அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அதனால் மருத்துவர் அறுவையை ஒன்றிரண்டு நாள் தள்ளிவைத்தால் அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

எந்த எலும்பு, எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அடுத்த வேலை, ஏனெனில் வீட்டில் நீங்கள் செய்யப்போவது அதைப் பொறுத்தே அமையும். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கீழே உள்ள எலும்பு முறிந்து, துண்டுகள் அதிகம் விலகாமலும் இருந்தால் வெளிக்கட்டு போதுமானதாக இருக்கும். தொடை எலும்பும் முன்னங்காலின் மேலெலும்பும் அப்படியல்ல. முறிவுக்கு மேலே ஒரு மூட்டும் கீழே ஒரு மூட்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டு பயன் தரும். இடுப்பு மூட்டை எந்தக் கட்டும் நிறுத்தி வைப்பதில்லை. தொடைக்குப் போட்ட கட்டு முறிவின் மேல் பாரமாகத் தொங்கி, ஊசல்போல் ஆடி, இருப்பதையும் கெடுத்துவிடும். ஆகவே தொடை முறிவுக்கு உள்ளே கம்பியோ தகடோ வைப்பதுதான் பெரும்பாலும் வழி.

எலும்பின் முனையில் வளர்ச்சிக் குருத்து இருக்கிறது. அதன் வழியாக முறிவு போயிருந்தால் சில நாள்களுக்குள் அறுவை செய்ய வேண்டியிருக்கும். தாமதித்தால் எலும்பு இருக்கிற நிலையிலேயே ஒட்டத் தொடங்கிவிடும். பிற்காலத்தில் அந்தக் கால் குட்டையாகவோ வளைந்தோ வளரக்கூடும் என்பதையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு முறிவு என்றதும் புத்தூர்க் கட்டைப் பற்றிப் பேசாத வீடு நம் பக்கத்தில் குறைவு. மனிதர்களின் விஷயத்தில் அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. இரண்டு கிலோ எடையுள்ள குட்டியின் காலில் மூங்கில் பட்டையை வைத்து இறுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிபட்ட கால் அடுத்த இரண்டு நாள் வீங்கும். வீங்கும் காலின் மேல் விரியாத கட்டு இருந்தால் இரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகிப்போகும், பிறகு முறிவோடு போயிருக்க வேண்டியது காலோடு போகும்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள்

உள்காயங்கள் தாமதமாகவே வெளிப்படுகின்றன. வாலாட்டி, பால் குடித்து, நன்றாக இருந்த குட்டி மறுநாள் மாலையில் இறந்துபோவது இதனால்தான். எனவே முதல் 72 மணி நேரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை முறை சிறுநீர் போனது, மூச்சு எப்படி, ஈறு என்ன நிறம், எவ்வளவு சாப்பிட்டது, உடல் வெப்பம் எவ்வளவு. தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை எண்ணினால் நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டக் கூடாது. விளையாடிய களைப்பிலும் கனவிலும் சற்று நேரம் கூடுவது வேறு. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பது இயல்பு. 99-க்குக் கீழே இறங்கினாலும் 103.5-க்கு மேல் ஏறினாலும் மருத்துவரை அழையுங்கள்.

சிறுநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்தும், டிரிப்ஸ் ஏற்றியும், 12 மணி நேரமாகச் சிறுநீரே போகாத குட்டிக்குச் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம், அல்லது நரம்பு அடிபட்டுப் பை நிறைந்து தேங்கியிருக்கலாம். வயிறு உப்பினால் காத்திருக்கக் கூடாது. பின்கால் செயலிழந்த குட்டிக்குச் சிறுநீர்ப்பையை வெளியிலிருந்து அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவர் தம் கையால் செய்துகாட்டிய பிறகே நீங்கள் செய்ய வேண்டும். காணொலி பார்த்துப் பழகும் வேலை அன்று அது.

படுக்கும் இடம்

எலும்பு கூடுவதற்கு மருந்தைவிட முக்கியம் அசையாமை. குட்டிக்கு அது மட்டும்தான் தெரியாது. வலி குறைந்த மறுநிமிடம் அது ஓடப் பார்க்கும். வலி நிவாரணி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே குட்டி துள்ளுவதுதான், அதனால் குணமாகிவிட்டது என்று அவிழ்த்துவிடுகிற நாளில்தான் பாதி அறுவைகள் வீணாகின்றன.

எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். ஓடவும் தாவவும் இடம் இருக்கக் கூடாது. இரும்புக் கூண்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வாசலாக வெட்டிப் பயன்படுத்தலாம். சிறுநீரில் நனைந்தால் மாற்றிவிட வேண்டும். கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் ஒரு மணி நேரத்துக்கு ஆகும், இராப்பொழுதுக்கு ஆகாது: குட்டி அதன் மூங்கிலைக் கடித்துச் சிம்புகளை விழுங்கும்.

தரை வழுக்கக் கூடாது. நம் வீடுகளின் டைல்ஸ் தரையைப் போல முறிந்த காலுக்குப் பகை வேறில்லை. பழைய யோகா மேட்டையோ ரப்பர் விரிப்பையோ அடியில் போட்டு, அதன் மேல் மடித்த பருத்திப் புடவையை விரித்து, புடவையை மட்டும் நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். நூல் பிரிந்த துணியும் துளையுள்ள சாக்கும் நகத்தில் மாட்டும். எழ முடியாத குட்டியை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்பின் மேல் படுக்கைப் புண் வந்துவிடும். சிறுநீர் கழிக்க வெளியே கொண்டுபோகும்போது, ஒரு துண்டை அடிவயிற்றுக்குக் கீழே தொட்டில்போல் செலுத்தி, இரு முனைகளையும் மேலே பிடித்துப் பின்பாரத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளலாம்.

கட்டைப் பார்க்கும் முறை

வெளிக்கட்டு போட்டிருந்தால் அதைத் தினம் இருமுறை பார்ப்பது உங்கள் தலையாய கடமை. கட்டுக்கு வெளியே நடுவிரல்கள் இரண்டின் நுனியாவது தெரியும்படி கட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு நகங்களும் இயல்பில் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒட்டியபடி இருக்கும். அவை விலகி, விரல்கள் விரிந்து நின்றால் உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. விரல் சில்லென்று இருந்தாலோ, கிள்ளினால் குட்டி காலை இழுக்காவிட்டாலோ, கட்டிலிருந்து வாடை வந்தாலோ, அன்று வரை கட்டைக் கண்டுகொள்ளாத குட்டி திடீரென்று அதையே கடித்துக் குதறினாலோ, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பலரும் கடைசியாகச் சொன்னதைக் குறும்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கட்டுக்குள் புண் உண்டாவதற்கு அதுதான் முதல் அறிகுறி.

வெளியே போகும்போது பாதத்தின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி, உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். பையோடு விட்டுவைத்தால் வியர்வையிலேயே கட்டு நனைந்துவிடும். நனைந்த கட்டைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வளரும் குட்டிக்கு எப்படியும் வாரம் ஒருமுறையாவது கட்டை அவிழ்த்து மறுபடி போட வேண்டியிருக்கும் என்பதால் அதற்கான செலவையும் விடுப்பையும் முன்னதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டு அவிழ்ந்ததும் முன்னங்காலின் மணிக்கட்டு தளர்ந்து, பாதம் தட்டையாக விழுந்து நடப்பதைக் கண்டு பதற வேண்டாம். கட்டுக்குள் வேலையின்றி இருந்த தசைநார்களின் தளர்ச்சி அது. வழுக்காத தரையில் நடக்க நடக்கப் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

தொடை முறிந்த குட்டிகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. பின்னங்கால் நீட்டிய நிலையிலேயே பல நாள் இருந்துவிட்டால் தொடையின் முன்தசை எலும்போடு ஒட்டிக்கொண்டு, முழங்கால் மடங்காமல் விறைத்துவிடும். ஒரு முறை விறைத்துப்போனால் மீட்பது மிகக் கடினம். எலும்பு அழகாகக் கூடியிருந்தும் காலையே எடுக்க நேர்ந்த குட்டிகள் உண்டு. ஆகவே தொடை அறுவைக்குப் பிறகு முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை எந்த நாளில் தொடங்கலாம் என்று அறுவை செய்தவரிடம் கேளுங்கள். பல சமயம் அவர் சொல்லும் நாள் நீங்கள் நினைப்பதைவிட முந்தியதாக இருக்கும்.

தோல் காயங்கள்

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கலந்தால் கழுவுவதற்கான உப்புநீர் தயார். மருந்துக்கடையில் சலைன் பாட்டில் வாங்கினால் இன்னும் எளிது. 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சினால் மண்ணும் மயிரும் வெளியேறும். போவிடோன் அயோடினை இளந்தேநீர் நிறம் வரும்வரை நீர்க்க வைத்தே பயன்படுத்த வேண்டும். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு புதிதாக வளரும் தசையையும் அழிக்கின்றன. மஞ்சள் அப்பினால் புண் சிவந்திருக்கிறதா, கறுக்கிறதா என்பதே தெரியாமல் போய்விடும்.

புழுவைப் பற்றி நம் நாட்டில் எழுதாமல் இருக்க முடியாது. வெப்பமான நாளில் ஈ இட்ட முட்டை ஒரே நாளுக்குள் புழுவாகிவிடும். வெள்ளை ரவையைக் கொட்டியதுபோல் புண்ணின் ஓரத்து மயிரில் ஒட்டியிருப்பவைதான் முட்டைகள்; நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் வாரி எடுத்து, மயிரைக் கத்தரித்துவிடுங்கள். உள்ளே புழு நெளிந்தால் டர்பன்டைன் ஊற்றும் பழைய வழக்கம் குட்டிக்கு ஆகாது: சதை வெந்துபோகும், நக்கினால் நஞ்சு. கடைகளில் கிடைக்கும் புழுக்கொல்லி ஸ்பிரேயையும் மருத்துவர் குட்டியின் எடையைப் பார்த்துச் சொன்னால் மட்டும், கண், மூக்கு, வாய்ப் பக்கம் படாமல் பயன்படுத்துங்கள். ஆழமான துளையாக இருந்தால் மருத்துவமனையில்தான் புழுவை எடுக்க வேண்டும்.

நக்கினால் ஆறும் என்பது தவறான நம்பிக்கை. தையல் உள்ள குட்டிக்குக் கழுத்தில் கூம்பு மாட்டியே ஆக வேண்டும். குட்டியின் கழுத்துக்குச் சரியான அளவு கடையில் கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டிச் சுருட்டி, உள்விளிம்பில் பஞ்சும் டேப்பும் ஒட்டிச் செய்துகொள்ளலாம். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீள வேண்டும், கழுத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும். சாப்பிடும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கழற்றலாம்.

மருந்து

வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையையோ குழந்தைகளின் சொட்டு மருந்தையோ கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை குட்டியின் வயிற்றில் இரத்தம் கசியும் அளவுக்கும் சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கும் கேடு செய்யும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். மனித மருந்துக்கடையில் நாமே சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக்கிலும் இரண்டைப் பற்றிக் குறிப்பாக எச்சரிக்க வேண்டும்: என்ரோஃப்ளாக்சசின் வகை வளரும் மூட்டின் குருத்தெலும்பைக் கெடுக்கும், டெட்ராசைக்ளின் வகை வளரும் பல்லில் நிரந்தரக் கறையை உண்டாக்கும். வேறு வழியில்லாத நேரத்தில் மருத்துவர் எழுதுவது வேறு. நாமே முடிவு செய்வது வேறு.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள், சமையலறைத் தராசே போதும். மருந்தின் அளவு எடைக்கு ஏற்றது. இரண்டு வாரத்தில் குட்டியின் எடை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டால், முதல் நாள் எழுதிய அளவு குறைந்த அளவாகிவிடும். சிரப்பை வாயின் முன்பக்கமாக ஊற்றாமல், கன்னத்தின் உட்பையில் சிரிஞ்சு வைத்துச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் புரையேறாது.

உணவு

எலும்பு கூடுவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கால்சியம் டானிக்கைத் தாராளமாக ஊற்றுவதும், சத்து சேரட்டும் என்று கோழிக்கறியும் சோறும் மட்டும் போடுவதும் இரண்டுமே பிழை, இரண்டும் எதிரெதிர்த் திசையில். வளர்ந்த நாய்க்கு இருப்பதுபோல், வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே ஒதுக்கிவிடும் திறன் சிறு குட்டிக்கு முழுமையாக வந்திருக்காது. மிகையானது எலும்பின் வளர்ச்சியைக் கோணலாக்கும். மறுபுறம், எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதையே தின்று வளரும் குட்டியின் உடம்பு இரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்து வரும் செல்லக் குட்டிகளின் எக்ஸ்ரேயில் எலும்பு காகிதம்போல் மெலிந்து தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட உலர் உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுப்பது, ஆறு வாரமேனும், எளிய தீர்வு. அதைக் கொடுத்தால் கால்சியம் டானிக் தேவையில்லை. வீட்டுச் சாப்பாடுதான் முடியும் என்றால் வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி அல்லது மீன், குழைந்த சோறு, கொஞ்சம் பூசணி அல்லது கேரட் என்று உப்பும் காரமும் இல்லாமல் செய்து, கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கணக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் வயிறு நிறையும், தசை வளராது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவை கூடாது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கட்டுப் போட்ட குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கட்டின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாளுக்கு நான்கு வேளை, சிறுகச் சிறுக. இரவுக் கடைசி வேளைக்கும் காலை முதல் வேளைக்கும் இடையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதையும் கேட்டே செய்யுங்கள்: சிறு குட்டியை இரவு முழுதும் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும்.

தொற்றும் தடுப்பூசியும்

கால் தேறிக்கொண்டிருக்கும்போதே பார்வோ என்னும் குடல் தொற்றுநோயில் போய்விடும் குட்டிகள் அதிகம். மருத்துவமனைத் தரையே அதற்கு ஒரு காரணம். காத்திருக்கும்போது குட்டியைத் தரையில் விடாமல் மடியிலோ கூடையிலோ வைத்துக்கொள்ளுங்கள். சோர்வு, வாந்தி, இரத்தம் கலந்த நாற்றமான கழிச்சல் ஆகியவை கண்டால் சில மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் பீளையும் சளியும் ஒழுகினால் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் ஒழியும். ஃபினாயில் வாசனை தரும், இந்தக் கிருமியை நம்பகமாகக் கொல்லாது.

பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் போடப்படுகிறது. வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில். காய்ச்சலோ பெருங்காயமோ உள்ள நாளில் போட மாட்டார்கள், தேறியதும் தாமதிக்கவும் கூடாது. குடற்புழு நீக்க மருந்தும் உண்ணிக்கான மருந்தும் வயதையும் எடையையும் சொல்லியே வாங்க வேண்டும்.

அடைபட்ட குட்டியின் மனம்

ஏறத்தாழ 3 முதல் 14 வார வயதுக்குள் குட்டி எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, யாரிடம் பழகுகிறதோ, அவற்றையெல்லாம் உலகத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதிதாக வருபவை எல்லாம் அச்சம் தருபவை ஆகிவிடுகின்றன. கால் முறிந்த குட்டி இந்தப் பருவத்தின் பாதியைப் பெட்டிக்குள் கழிக்கிறது. கால் நேராகி, மனம் கோணிய நாயாக வளர்வதைப் பலர் கண்டும் காரணம் அறிவதில்லை. என் கருத்தில், மருத்துவர் எழுதித் தராத மருந்துகளில் முதன்மையானது இதற்கான நேரம்தான்.

குட்டி உலகத்துக்குப் போக முடியாவிட்டால் உலகத்தைக் குட்டியிடம் கொண்டுவரலாம். பெட்டியை ஆளில்லாத அறையில் வைக்காமல், சமையலறை வாசலிலோ கூடத்திலோ, குக்கர் விசிலும் மிக்சி ஓசையும் தொலைக்காட்சியும் கேட்கும் இடத்தில் வையுங்கள். தாளிக்கும் நெடி நேரே வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்து, ஆட்டோவையும் சைக்கிளையும் தலைப்பாகை கட்டியவரையும் ஹெல்மெட் போட்டவரையும் காட்டுங்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ஒரு துண்டு கோழி. பாதம், காது, வாய் ஆகியவற்றைத் தொட்டு, தொட்டதற்குப் பரிசு கொடுத்துப் பழக்கினால் கட்டு மாற்றும் நாளில் போராட்டம் பாதியாகக் குறையும். சாப்பாட்டின் ஒரு பகுதியைப் பழைய துண்டில் சுருட்டி வைத்து மோந்து தேடி எடுக்க விட்டால் கால் அசையாமலேயே குட்டி களைத்துத் தூங்கும்.

இரவில் அழும். தனிமையில் அழும் குட்டி, உங்கள் கை கூண்டின் மேல் பட்டதும் அடங்கும். அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதில் எந்தச் செல்லமும் கெட்டுவிடாது. நீங்கள் வந்தும் அடங்காமல், இடம் மாறி மாறிப் படுத்து, மூச்சு வாங்கி, உடல் நடுங்கினால் அது வலி. மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

மறுபடி நடக்க

எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்ன பிறகே நடை. முதலில் கழுத்து வாரல்லாமல் மார்பு வாரில் பிடித்து, மண் தரையிலோ புல்லிலோ 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. மெதுவாக நடத்தினால்தான் அடிபட்ட காலை ஊன்றும். வேகம் கூடினால் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடக் கற்றுக்கொள்ளும், அப்படிக் கற்றதை மறக்கடிப்பது கடினம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டலாம். மறுநாள் காலை நொண்டல் அதிகமானால் முந்தின அளவுக்கே திரும்புங்கள். மாடிப்படி, கட்டில், மற்ற நாய்களோடு மல்லுக்கட்டு ஆகியவற்றைக் கடைசியாக அனுமதியுங்கள்.

உள்ளே கம்பி வைத்திருந்தால் இடுப்புப் பக்கத்தில் புதிதாக ஒரு முண்டு தட்டுப்படுகிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று வாரம்தோறும் தடவிப் பாருங்கள். கம்பி நகர்ந்து மேலே வரக்கூடும். வளரும் குட்டிக்கு வைத்த கம்பியை எப்போது எடுப்பது என்ற தேதியை அறுவை நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

காலை எடுத்துவிட நேர்ந்தாலும் குட்டி மூன்று காலில் நடக்க மிக விரைவாகப் பழகிக்கொள்ளும், தையல் பிரிக்கும் முன்பே ஓடுவதும் உண்டு. உடல் பருக்காமல் மட்டும் வாழ்நாள் முழுதும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட குட்டியைத் திரும்பத் தெருவில் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாகனத்துக்கும் மற்ற நாய்களுக்கும் விலகி ஓடும் வேகம் அதற்குக் குறைவு, மனிதரிடம் பழகிய பிறகு விலகும் எண்ணமும் குறைவு. நீங்கள் வளர்க்க முடியாவிட்டால், தடுப்பூசி அட்டையையும் எக்ஸ்ரேயையும் எடைக் குறிப்பையும் சேர்த்து, காலைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்லி, வேறொரு வீட்டைத் தேடுங்கள்.

நான்கு காலும் தப்பித்த குட்டியை எட்டு முதல் பத்து மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேராக நிற்க வைத்துப் பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் ஒரு படம் எடுத்து வையுங்கள். வளர்ச்சிக் குருத்தில் பட்ட அடியின் விளைவு மெல்ல மெல்லத்தான் தெரியும். பாதம் வெளிப்பக்கம் திரும்புவதோ ஒரு கால் குட்டையாவதோ அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் முன்னதாகவே புலப்படும், வளர்ச்சி நிற்பதற்குள் மருத்துவரிடம் காட்டினால் திருத்துவதற்கு வாய்ப்பும் இருக்கும்.